நாற்பத்திரண்டு வரை

ஏழாறு நாற்பத்திரண்டு வரை மியாபி தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள்.

டேப்லெட்டில் இருந்த ஆந்தை, காதருகே இறக்கையைக் குவித்து ஐந்து விநாடி காத்திருந்தது. பிறகு, கிட்டத்தட்ட முடித்துவிட்டாய், இன்னும் ஒரே ஒரு தடவை என்று உற்சாகமாகச் சொன்னது.

இதோடு இருபது தடவையாவது சொல்லியிருக்கும். அதற்கு அலுப்பே கிடையாது.

மாலை ஐந்தரை மணி. கடையில் வாங்கிவந்த சாப்பாட்டுப் பெட்டிகள் இரண்டும் மேசைமேல் பிரிக்காமல் கிடந்தன. அவள் அப்பா ஷூஜிக்குப் பசிக்கவில்லை. பசிக்கவில்லையே என்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டதும் கன்னம் மரத்துப்போகுமே, ஒன்றரை மாதமாக உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

ஊரிலுள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து இணையத்தில் ஏழாம் வாய்ப்பாட்டுப் போட்டி. பிள்ளைகள் வாய்விட்டு ஒப்பிக்க வேண்டும், டேப்லெட் கேட்டுக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால், திரையில் அந்த வகுப்புக்கான செர்ரி மரத்தில் அந்தப் பிள்ளையின் கிளை பூக்கும். மியாபியின் இரண்டாம் வகுப்பில் இருபத்தொன்பது பேர். இருபத்தெட்டுக் கிளைகள் பூத்துவிட்டன.

நாளை மதியத்தோடு போட்டி முடிகிறது. ஒரு கிளை மொட்டையாக நின்றாலும் மரம் கணக்கில் சேராது.

அவசரமில்லை, வீட்டு நிலைமை எங்களுக்குப் புரியும் என்று டீச்சர் பதமாகத்தான் எழுதியிருந்தார். பிள்ளைகளுக்கு அந்தப் பதமெல்லாம் ஏது? உன் கிளையில் காக்காகூட உட்காராது என்று பக்கத்து இருக்கைப் பையன் சொன்னானாம். மியாபி அதை அழாமல், வானிலை அறிக்கை வாசிப்பதுபோல வந்து சொன்னாள்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டதாக ஷூஜி நினைத்தான்.

அவன் மனைவி சயோரி ஒசாகாக்காரி. ஏழு என்பதற்கு ஊரே ‘ஷிச்சி’ என்றால் அவள் வாயில் ‘ஹிச்சி’ என்றுதான் வரும். கல்யாணமான புதிதில் அதை வைத்து அவளைப் படாதபாடு படுத்தியிருக்கிறான். மகளைக் குளியல் தொட்டியில் உட்காரவைத்து ஆறாம் வாய்ப்பாடு வரை சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடங்கிவைத்த மறுநாள், திங்கட்கிழமை, மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனாள்.

மகளின் நாக்கிலும் அந்த ஹிச்சிதான் ஒட்டியிருந்தது. ஆந்தைக்கு ஒசாகாப் பேச்சு தெரியாது.

அதனால் மகள் பள்ளி விட்டு வந்ததிலிருந்து ஷூஜி அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ஷி, ஷி என்று உதட்டைக் காட்டிப் பழக்கினான். மியாபி கெட்டிக்காரி. ஒவ்வொரு வரியாக ஹிச்சி உதிர்ந்துபோனது. இந்த வீட்டில் இருந்த கடைசி ஹிச்சியும் இதோ போய்விட்டது என்று அவனுக்குத் தோன்றியது. வலிக்கும் என்று எதிர்பார்த்தான். வலிக்கவில்லை.

ஆறு வரிக்கும் ஆந்தை பச்சை விளக்குக் காட்டியது. ஏழாவது வரியில் மறுபடியும் அதே மௌனம்.

இத்தனைக்கும் அவளுக்கு அக்கறை இல்லாமலில்லை. அடுப்பருகே தொங்கும் நாட்காட்டியில், ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று வாரத்துக்கு ஒன்றாக, போன ஞாயிறு நாற்பத்திரண்டு வரைக்கும். தேதிகளோடு ஒட்டாத எண்கள். பெண் தானாகவே பயிற்சி செய்கிறாள், நல்லதுதான் என்று அவன் விட்டுவிட்டான். வருகிற ஞாயிறு மட்டும் காலியாக இருந்தது.

கைப்பேசி அடித்தது. ஷூஜியின் அக்கா.

ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை சாப்பாடு சொல்லட்டும், கல்லறையில் அஸ்தியை வைக்கப் போக இரண்டு கார் போதுமா, வாரா வாரம் வருகிற அதே பிக்குதானே வருகிறார் என்று அவள் வரிசையாகக் கேட்டாள். அஸ்திப் பெட்டியைக் காரில் யார் மடியில் வைத்துக்கொள்வது என்றும் கேட்டாள். நான்தான் என்றான். கூரியரில் வந்த பொட்டலத்தைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசினான். அப்படிப் பேச முடிகிறதே என்று அவனுக்கே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது.

பேசி முடித்துத் திரும்பினால், மியாபி அடுத்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தாழ்வான அலமாரிமேல், வெள்ளைத் துணி சுற்றிய பெட்டிக்குள் சயோரி இருந்தாள்.

“ஏழேழு எவ்வளவுன்னு உனக்கு நிஜமாவே தெரியலையா?”

மியாபி டேப்லெட்டின் ஒலிவாங்கித் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

“தெரியும்ப்பா. பிக்கு தாத்தா சொன்னாரு, ஏழேழு முடிஞ்சா அம்மா இங்க இருக்க மாட்டாங்களாம். அதான் நாப்பத்திரண்டோட நிறுத்தி வச்சிருக்கேன்.”

ஷூஜி நாட்காட்டியைப் பார்த்தான். ஒவ்வொரு ஞாயிறும் பிக்கு வந்தார், மந்திரம் ஓதினார், போனார். அவனும் மண்டியிட்டு உட்கார்ந்து எழுந்தான். ஆறு ஞாயிறு, நாற்பத்திரண்டு நாள் போனதை அவன் எண்ணவே இல்லை.

கட்டைவிரல் விலகியது. ஆந்தை மறுபடியும் இறக்கையைக் குவித்தது.

நாளை வகுப்பில் இருபத்தெட்டுப் பேர் அவளைப் பார்ப்பார்கள். அந்த ஒரு வரியை மட்டும் நாமே சொல்லித் தொலைத்துவிடலாம் என்று ஷூஜி டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து வாயைத் திறந்தான்.

“ஹிச்சி, ஹிச்சி…”

அவன் டோக்கியோவில் பிறந்து வளர்ந்தவன். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அப்படிச் சொன்னதில்லை.

அதற்குமேல் வரவில்லை. கன்னத்தில் சூடாக ஏதோ இறங்கியது.

ஆந்தை ஐந்து விநாடி காத்திருந்தது. கிட்டத்தட்ட முடித்துவிட்டாய், இன்னும் ஒரே ஒரு தடவை என்றது.