மேட்னி காட்சியில் துக்க மணி

திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு காலி பங்களா, நீளமான தாழ்வாரம், ஆடும் திரைச்சீலை.

பெண்கள் பகுதியிலிருந்து அலறல் வந்தது.

எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு கவனித்தேன். காற்று ஊளையிடுகிறது. எங்கோ ஒரு கதவு கிறீச்சிடுகிறது. கொலுசுச் சத்தம் நெருங்கி வந்து நின்றுவிடுகிறது. பயமெல்லாம் சத்தத்தில்தான் இருந்தது.

சத்தத்தைக் கழித்துவிட்டால் அது என் வீடு.

"மூணு மாசமா உள்ளயே கெடக்கீரு. வாரும் மச்சான், பேய்ப் படமாம். பயந்தாவது தொலையும்" என்று கிளாட்வின்தான் இழுத்து வந்தான். என் மனைவி ஹில்டாவின் தம்பி.

வாசலில் சைக்கிளுக்கு டோக்கன் கொடுத்தவர், "டீச்சரம்மா வரலையா?" என்று கேட்டார்.

"வரலை" என்றேன்.

ஹில்டா இறந்துவிட்டாள் என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. துறைமுக ஆபீசுக்கு லீவு லெட்டர் எழுத உட்கார்ந்து, காரணம் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. மீதியைக் கிளாட்வின் எழுதினான். உடலைப் பார்த்தேன். மண் போட்டேன். ஆனாலும் ஏதோ ஒன்று நடக்காமல் விட்டுப்போனது போலவே இருக்கிறது.

திரையில் இப்போது பங்களாவின் பின்புறம். பாழடைந்த மாதா கோயில். கூண்டில் மணி. கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லை.

மணி அடித்தது. ஒன்று. நீண்ட இடைவெளி. மறுபடி ஒன்று.

படம் எடுத்தவர்கள் இந்த இடத்தைத்தான் பெரிதாக நம்பியிருக்க வேண்டும். தூத்துக்குடியில் யாரும் அலறவில்லை.

அப்படி விட்டு விட்டு அடித்தால் இங்கே அது துக்க மணி. கேட்டதும் கை தானாக நெற்றிக்குப் போகும். இருட்டில் வரிசை வரிசையாகச் சிலுவை போட்டார்கள். பெண்கள் பகுதியில் யாரோ இறந்தோருக்கான செபத்தைத் தொடங்கியே விட்டார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த பெரியவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"யாருக்குலே மணி அடிக்கி?" என்றார்.

"படத்துல அடிக்கி அண்ணாச்சி. உக்காரும், மறைக்கீரு" என்றான் கிளாட்வின். கொட்டகை சிரித்தது. அவரும் சிரித்தார்.

மணி நிற்கவில்லை.

"என் வீட்டுக்காரிக்கு" என்றேன். "ஹில்டா. செத்துப்போனா."

கிளாட்வின் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். பெரியவர் உட்காரவில்லை.

அவள் போனது பெரிய வெள்ளிக்கிழமை விடியலில். பெரிய வியாழன் மாலையிலிருந்து சனி இரவு வரை எங்கள் கோயில்களில் மணி அடிப்பதில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சனிக்கிழமை காலை அவளை மணியில்லாமல் புதைத்தோம்.

அன்று இரவே ஊரிலுள்ள எல்லா மணிகளும் சேர்ந்து அடித்தன. அது ஈஸ்டருக்கு.