நாற்பத்து நான்காவது படம்

ஷாரோன் நான்கு விரல்களைக் காட்டியதும் ரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்துக்கு நான்கு!

பதினோரு முறை பார்த்து, பதினோரு முறையும் அழுத படம் அது.

வல்லம் வடகால் கம்பெனியில் வேலை கிடைத்து, எழிலரசியும் ஷாரோனும் இருந்த மாடிவீட்டுக்கு மூன்றாவது ஆளாக அன்று காலைதான் ரஞ்சனி வந்திருந்தாள். வந்தவாசியிலிருந்து இரண்டு பைகள். ஒன்றில் துணி, ஒன்றில் பாத்திரம். ஆனால் வழியெல்லாம் அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டது சுடிதார் பாக்கெட்டில் கிடந்த பென் டிரைவைத்தான்.

சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலை எழிலரசி முதல் வேலையாகக் காட்டியிருந்தாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். நாற்பத்து மூன்று அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் படங்கள்; எதிரில் மதிப்பெண். எட்டைத் தாண்டியவை மூன்றே மூன்று. அதைப் போட்டோ பிடித்துக்கொண்டு போய், மூன்று கம்பெனி பஸ்களில் வரும் பெண்கள் அதன்படிதான் படம் பார்க்கிறார்களாம். ஐந்துக்குக் கீழே வாங்கியதை யாரும் காப்பி எடுக்க மாட்டார்களாம்.

மதிப்பெண் போடுவது ஷாரோன் மட்டும். கம்பெனியில் செல்போன் கண்ணாடிகளில் கீறல் பார்த்து ஒதுக்குகிறவள்.

"என் படம் ஒம்பதுக்குக் கொறயாது, பாத்துக்கினே இரு எழிலக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் ரஞ்சனி டிவியில் பென் டிரைவைச் சொருகினாள்.

ஷாரோன் சர்ச்சிலிருந்து வந்தபோது படம் ஓடத் தொடங்கியிருந்தது. செருப்பைக் கழற்றினாள். புதியவளைப் பார்த்து ஒரு சிரிப்பு. நேராக டிவிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு கண்ணை எடுக்கவில்லை.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கடலோர ஊர். மீன் பிடிக்கப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. கடைசியில் தங்கை கரையில் ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து அழுகிறாள்.

அந்த இடத்தில் பியானோ மெதுவாகத் தொடங்கும். ஒவ்வொன்றாக வயலின்கள் வந்து சேரும். பிறகு நெஞ்சை யாரோ கையால் பிசைவது போல இருக்கும்.

எழிலரசி மூக்கை உறிஞ்சினாள். வத்தல் காயப்போட மேலே வந்த வீட்டுக்கார அம்மா தாயாரம்மாளுக்கு, திரையின் அடியில் ஓடிய தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் வரி மாறிவிடும். அவள்கூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஷாரோன் மட்டும் வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

படம் முடிந்தது. நான்கு விரல்கள்.

"இன்னாக்கா, உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதா இல்லியா?" ரஞ்சனி நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

அவள் பேசி முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஷாரோன், கோபப்படவில்லை. ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னால் தள்ளினாள். தங்கை பாறையில் வந்து உட்காரும் இடம். சத்தத்தை அணைத்தாள். ஓடவிட்டாள்.

மின்விசிறியின் கிறீச் மட்டும் கேட்டது. வெளியே ஒரு கண்டெய்னர் லாரி போனது.

திரையில் தங்கை அழுதாள். முகம் அசையவில்லை. முடி பறந்தது. ஒரு கண்ணீர்க்கோடு கன்னத்தில் வழுக்கி இறங்கியது. பின்னால் ஓர் அலை வந்து போனது. அதே அலை திரும்ப வந்தது. நுரைகூட அதே நுரை. ஷாரோன் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

யாருக்கும் அழுகை வரவில்லை. தாயாரம்மாள் கொட்டாவி விட்டாள்.

ரஞ்சனிக்குக் காது மடல் சுட்டது. இத்தனை நாளும் தன்னை அழவைத்தது இந்தப் பெண் இல்லை. வயலின்.

ஷாரோன் விடவில்லை. படத்தை இன்னும் பின்னால் கொண்டுபோனாள். அண்ணன் காணாமல் போன மறுவாரம். அடுக்களையில் அம்மா தனியாக நிற்கிறாள்.

அவள் மூன்று பிடி அரிசி அள்ளிப் பாத்திரத்தில் போடுகிறாள். கழுவுவதற்குக் குழாயைத் திறக்கப் போன கை பாதியில் நிற்கிறது. ஒரு பிடியைத் திரும்ப அள்ளி, டப்பாவில் போட்டு மூடுகிறாள். மூடியின் மேலேயே கை கொஞ்ச நேரம் கிடக்கிறது. விரல்கள் லேசாக மடங்குகின்றன.

ஏழெட்டு நொடிதான். படத்தில் அந்த இடத்தில் இசையே கிடையாது. பதினோரு முறையும் ரஞ்சனி அந்த நேரத்தில்தான் போனில் மெசேஜ் பார்த்திருக்கிறாள்.

"புள்ள பங்குடி அது" என்றாள் தாயாரம்மாள். முந்தானை மறுபடி கண்ணுக்குப் போனது.

ஷாரோன் எழுந்துபோய்த் திரையில் அந்தக் கையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நான்கு விரல்களை மறுபடி உயர்த்தினாள்.

நான்கும் இதற்குத்தான்.

ரஞ்சனி யாரையும் எழுதவிடவில்லை. தானே பேனாவை எடுத்துக்கொண்டு கதவருகே போனாள். நாற்பத்து நான்காவதாகப் படத்தின் பெயரை எழுதி, எதிரில் நான்கு என்று மற்ற எல்லா எண்களையும்விடப் பெரிதாகப் போட்டாள். அந்தக் கை தன் படத்தில் இருக்கிறது. அதை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள் தான்தான். ஒன்பது வாங்கியிருந்தால்கூட இவ்வளவு நிமிர்ந்து நின்று எழுதியிருக்க மாட்டாள்.

ஷாரோன் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனதும், ரஞ்சனி எழிலரசியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"சவுண்ட நிறுத்திட்டுப் பாக்கணும்னு இந்தக்காவுக்கு எப்டித் தோணுச்சு?"

எழிலரசி ஒரு நொடி புரியாமல் பார்த்தாள். பிறகு, கூடப்பிறந்தவள் கலெக்டராக இருப்பதைச் சொல்வது போலத் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

"தோணறதுக்கு இன்னா கீது? பொறந்ததுலேர்ந்து அவளுக்கு எல்லாப் படமும் இப்டித்தாண்டி ஓடுது."