ஐயா இல்லாத ஜெபம்

“தியேட்டர்ல டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு. ஜெபம் பண்ணணும்னீங்களே, சட்டுனு பண்ணுங்களேன்!” என்றாள் நர்ஸ், மூன்றாவது தடவையாக.

ஸ்ட்ரெச்சரைச் சுற்றி நின்ற சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“நாங்க ஜெபிச்சா எடுபடுமா சிஸ்டர்? அதுக்குன்னு எங்க பாஸ்டர் ஐயா இருக்காரே!” என்றார் சபைச் செயலாளர்.

“அப்ப அவரைக் கூப்பிடுங்க!”

“படுத்திருக்கிறதே அவர்தானே! தொண்டை ஆபரேஷன். வாயே திறக்கக்கூடாதாம்.”

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

அதுவரை பொறுத்திருந்த பாஸ்டரின் மனைவி வெடித்தாள். “நம்ம பிரதான ஆசாரியர் இயேசுதான், இடையில ஆள் வேண்டாம், அவர் மூலமா நீங்களே நேரா ஜெபிக்கலாம்னு இருபது வருஷமா உங்ககிட்ட கத்திக் கத்தித்தான்யா இவர் தொண்டையே போச்சு!”

செயலாளர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“அருமையாச் சொன்னீங்கம்மா! எங்களுக்காக நீங்களே ஜெபம் பண்ணிடுங்க.”