ஐந்து நிமிடப் பசை

சமையலறை சிங்குக்கு அடியில் நானும் என் மனைவியும் தலை முட்டிக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தோம்.

எல்போ என்கிற வளைவுத் துண்டை அவள் பிடித்துக்கொண்டாள். பசை தடவிய குழாயை நான் அதற்குள் அழுத்திச் செருகினேன்.

"அஞ்சு நிமிஷத்துக்குக் கையை எடுக்கக் கூடாது. எடுத்தா குழாய் வெளியே வந்துடும்" என்றேன்.

முப்பது விநாடி போதும் என்று பசை டப்பாவில் போட்டிருந்தது. அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி டப்பாவை முன்பே திருப்பி வைத்திருந்தேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாளாகவே என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை.

எல்லாம் என் வாய்க்கொழுப்பு. குழாய் ஒழுக ஆரம்பித்த அன்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து, சாப்பாடு தயார் என்ற செய்திகூட மகள் மூலம்தான் வந்தது. ஒழுகும் தண்ணீருக்கு வைத்த வாளியை அவள் தினமும் சுற்றிக்கொண்டு போனாள்.

மகள் இன்று பள்ளிச் சுற்றுலா போய்விட்டாள். தூது போக ஆளில்லை. இதை விட்டால் எனக்கு வேறு வழியும் இல்லை.

முப்பது விநாடி ஆயிற்று. அவள் கையை எடுக்கவில்லை.

முதல் நிமிடத்தில், அன்றைக்குச் சொன்னது தப்பு என்று குழாயைப் பார்த்துச் சொன்னேன். அவள் எல்போவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் எனக்கு மூக்கு அரித்தது. இரண்டு கையும் குழாயில். முகத்தை அஷ்டகோணலாக்கியும் அரிப்பு போகவில்லை. அவள் பேசாமல் தன் தோளை என் மூக்கருகே நீட்டினாள். தேய்த்துக்கொண்டேன்.

நான்காவது நிமிடம், உதட்டைக் கடித்து அவள் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. எனக்கு அடக்கத் தெரியவில்லை. விழுந்து விழுந்து சிரித்ததில் தலை சிங்கில் இடித்தது.

ஐந்து நிமிடம் முடிந்ததும் அவளே குழாயை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"அந்த மூலைல இன்னொரு ஜாயிண்ட் இருக்கு. அதையும் அஞ்சு நிமிஷம் பிடிக்கலாமா?"

நான்கு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டப்பாவைத் திருப்பி வைத்ததெல்லாம் வீண் வேலை. எங்கள் தெருவில் எந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் என் மனைவியைத்தான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக அவள் பார்க்கும் தொழில் அது.

அவளிடம்தான் அன்றைக்குக் கேட்டிருந்தேன், ரெண்டு குழாயை ஒட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று.