தேய்ந்த கல்

கல் பதிக்கும்போது இடது கால் சுண்டுவிரலைக் காவு கொடுத்தவர் என்பதால், அவருக்குச் சுண்டுவிரல் மேஸ்திரி என்றே பெயர். அருங்காட்சியகம் இன்னும் திறக்கவில்லை. அதற்குள் கடைசி அறையில், காலியாக நின்ற ஆளுயரக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவர் பதித்த கல், லட்சம் பேர் நின்று பார்த்துவிட்டுப் போன இடம்போல் குழிந்திருந்தது.

"என்ன மேஸ்திரி, பழைய கல்ல எங்க தலையில கட்டிட்டீங்களா?" என்றார் இன்ஜினியர்.

"முப்பது வருஷத்துல யாரும் என்னை இப்படிக் கேட்டதில்ல சார்" என்றவர், அன்றே புதுக்கல் பதித்தார்.

காலையில் அதுவும் குழிந்திருந்தது.

"வெறும் பெட்டியில அப்படி என்னத்தப் பாக்குறாங்க?" என்று முனகியபடி குனிந்தார்.

பூட்டிய பெட்டிக்குள்ளும் தரை இரண்டு பாதங்களின் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பாதத் தடங்கள் வெளியே பார்த்திருந்தன. இடது பாதத்தில் நான்கே விரல்கள்.