சுவிட்ச் பக்கம் நின்றவள்

“சுவிட்சை மட்டும் தொட்டுடாதம்மா! அவர் இன்னும் ஆடிக்கிட்டு இருக்கார்!”

வீடியோ கேம் விளையாட்டுக் கூடத்தின் முதலாளி அலறிய அலறலில் மெக்கானிக்கின் கை பாதியில் நின்றது. கரண்டை நிறுத்தாமல் எந்த இயந்திரத்தின் முதுகையும் அவள் திறந்ததில்லை.

“கருகின வாசனை வருது. ஓடும்போதே உள்ள கையை விடச் சொல்றீங்களா?”

“வேற வழியில்லம்மா. நிறுத்தினா இந்த ஆட்டத்துல எடுத்த பாயின்ட் எல்லாம் அழிஞ்சிடும். காலையில இருந்து ஆடறாரு. இன்னும் கொஞ்சம்தான், முதல் வரிக்குப் போயிடுவாரு.”

முதல் வரி என்பது திரையில் வரும் பெயர்ப் பட்டியலின் உச்சி. அங்கே மூன்றெழுத்தில் ஒரு பெயர் சட்டமாக உட்கார்ந்திருந்தது. மூடிப்போன வேறொரு கூடத்திலிருந்து முதலாளி இந்த இயந்திரத்தை வாங்கி வந்தபோதே அது இருந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கீழே இறக்கத்தான் இந்த பஸ் டிரைவர் லீவு நாளெல்லாம் இங்கேயே பழியாகக் கிடக்கிறார். போன தடவை மயிரிழையில் தவறிப் போய், வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

“அந்த மூணெழுத்துத் தடியனை இன்னைக்கு விடறதா இல்லை!” என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கத்தினார் டிரைவர். “ஆனா கையில பிடிச்சு ஆடற ஸ்டிக் அடிக்கடி செத்துப் போகுது. சீக்கிரம் பாரும்மா!”

மெக்கானிக் பின்பக்கக் கதவைக் கழற்றினாள். சூடு முகத்தில் அடித்தது. இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டாள். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கும். நடுவில் நெஞ்சு இருக்கிறது.

அப்போதுதான் டிரைவரின் மனைவியைக் கவனித்தாள். கூட்டமெல்லாம் முன்னால் திரையை மொய்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் மட்டும் பின்னால் வந்து, சுவர் சுவிட்சுக்குப் பக்கத்தில், அதையே பார்த்தபடி நின்றிருந்தாள். மெக்கானிக் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

“அங்க ஏங்க நிக்கறீங்க? கை பட்டுடப் போகுது.”

“இந்த மிஷின் எனக்குச் சக்களத்தி, அக்கா. அந்த மனுஷன் கை வீங்கிப் போய்க் கிடக்கு. பேசாம அணைச்சிட்டா என்னன்னு தோணுது.”

“ஐயோ, தோணவே வேணாம். இங்க வந்து டார்ச்சைப் பிடிங்க.” கண் பார்வையிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்று பட்டது.

டார்ச் வெளிச்சத்தில் சங்கதி தெரிந்தது. சர்க்யூட் போர்டிலிருந்து ஸ்டிக்குக்கும் பட்டன்களுக்கும் சேர்த்துப் போகும் கறுப்பு ஒயர் பாதி கருகியிருந்தது. மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் எதையும் உரசாமல், போர்டின் முனையில் புது ஒயர் ஒன்றைப் பற்றவைத்தாள். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கப் பயமாக இருந்தது.

“இனிமே பழைய ஒயரோட கிளிப்பைப் பிடுங்கிட்டு இதைச் சொருகணும். அதுவரைக்கும் ஸ்டிக்கும் வேலை செய்யாது, பட்டனும் வேலை செய்யாது. அண்ணே! திரையில விமானச் சண்டை ஓயற நேரமாப் பார்த்துச் சொல்லுங்க!”

“இப்போ!” என்றார் முதலாளி முன்னாலிருந்து. “ஐயோ, வேணாம் வேணாம்! மறுபடி வந்துட்டான்!”

மெக்கானிக் கையைப் பின்னுக்கு இழுத்தாள். கருகிய ஒயரிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

“ஸ்டிக் போச்சு! இந்தா வருது... மறுபடி போச்சு!” டிரைவரின் குரல் ஏறக்குறைய அழுகை.

“முதலாளி சொல்றதைக் கேட்காதீங்கக்கா,” என்றாள் மனைவி. கண்ணை மூடியிருந்தாள். டார்ச் மட்டும் ஆடவில்லை. “பெரிய விமானம் வருது. வெடிக்கட்டும். அதுக்கப்புறம் சின்னதா ரெண்டு வரும், அதையும் அடிச்சிடுவாரு. பொறுங்க... பொறுங்க... பிடுங்குங்க!”

யோசிக்க நேரமில்லை. மெக்கானிக் பிடுங்கினாள். புதுக் கிளிப் முதல் தடவை வழுக்கியது.

“பதறாதீங்க. இன்னும் நேரம் இருக்கு. அடுத்த கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு விசில் வரும்.”

இரண்டாம் தடவை கிளிப் ‘டிக்’ என்று உட்கார்ந்தது. கையோடு உள்ளே விசில் ஒலித்தது. ஒரு கணம் கழித்து டிரைவரின் துப்பாக்கி மறுபடி படபடத்தது.

மெக்கானிக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாக்கெட்டிலிருந்த கை மரத்துப் போயிருந்தது.

“முன்னால நிக்கற அண்ணனுக்கே பிடிபடலை. திரை தெரியாத இடத்துல கண்ணை மூடிட்டு எப்படிங்க சொன்னீங்க?”

மனைவி பதில் சொல்வதற்குள் முன்பக்கம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆரவாரம். “முந்திட்டாரு! முதல் வரி!” முதலாளி யாரையோ கட்டிப்பிடித்துக் குதிப்பது கேட்டது.

மனைவி டார்ச்சை அணைத்தாள். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. “நிஜமாவே அணைக்கத்தான்க்கா வந்தேன். சுவிட்சு வரைக்கும் கை போச்சு. அப்புறம் அவர் சாப்பிடாம உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்துச்சு.”

“கை வீங்கினதுக்காகவா அணைக்கப் பார்த்தீங்க?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

“எங்கடா அந்தத் தடியன்?” என்று முன்னால் டிரைவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். “எங்க இருந்தாலும் வந்து இதைப் பார்க்கணும்டா!”

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்,” என்றாள் மனைவி, மெக்கானிக்குக்கு மட்டும் கேட்கும்படி.