க்ரூகர் வீட்டு பம்ப் துப்பாக்கி

1983 அக்டோபர் 9, ஞாயிறு காலை, நெப்ராஸ்காவில் பிளாட் ஆற்றங்கரைச் சுடுதளத்தில் எல்டன் க்ரூகர் தன் பம்ப் துப்பாக்கியை அண்ணன் டெல்மரிடம் கொடுத்தார்.

அப்பாவின் உயில் அப்படி. துப்பாக்கி மூத்தவனுக்கு.

மூத்தவர் ஃபீனிக்ஸிலிருந்து அப்பாவின் அடக்கத்துக்குத்தான் வந்தார். பன்னிரண்டு வருடங்களாக அதில் சுட்டுக்கொண்டிருந்தவர் இளையவர்.

1938இல் வாத்து வேட்டைக்கு வாங்கியது; குழலுக்கடியில் இருக்கும் முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவதற்காக அப்பா அதற்கு நீளமான குழல் மாட்டினார். கன்னம் பதியும் இடத்தில் கட்டையை உயர்த்தினார்.

பிறகு எல்டன் விசையை மாற்றினார்.

தட்டு பறக்கும் நொடியில் அவர் விரல் மரத்துப்போகும். நெடுநாள் சுட்டவர்களுக்கு வரும் கோளாறு. அழுத்தினால் வெடிக்காமல், அழுத்திய விரலை விட்டால் வெடிக்கும்படி விசையைத் திருத்துவதுதான் அதற்கு வைத்தியம்.

அப்படித் திருத்திய துப்பாக்கியின் கட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். கைமாற்றும்போது வாயாலும் சொல்லிவிட வேண்டும்.

"கட்டினவளக்கூட இப்படித் தொடச்சு வெச்சிருக்க மாட்டே போலடா" என்றார் டெல்மர். "எதையாவது நோண்டி வெச்சிருக்கியா?"

"அப்பா வெச்சிருந்த மாதிரியேதான் இருக்குண்ணே."

ஐந்து பேர் வரிசையில் டெல்மர் மூன்றாவதாக நின்றார். எல்டன் பின்னால், வேலியோரம். கையில் இருந்த காபியை அவர் குடிக்கவில்லை.

டெல்மர் ஒரு தோட்டாவைப் போட்டு, முன்பிடியைத் தள்ளி மூடினார். தட்டை விடச் சொல்லிக் குரல் கொடுத்தார். தட்டு பறந்தது.

விசையை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. தட்டு தூரத்தில் உடையாமல் விழுந்தது.

பக்கத்தில் நின்ற ரோஸ்கோ சிரித்தார். "தோட்டாவ ஃபீனிக்ஸ்லயே விட்டுட்டு வந்துட்டியா?"

டெல்மரும் சிரித்தார். குழலைத் தாழ்த்தினார். தட்டு சுடுபவர்கள், தன் முறை வரும்வரை குழலைத் தாங்கிக்கொள்ள ஷூ நுனியில் தோல் பட்டை கட்டியிருப்பார்கள். பழைய பழக்கத்தில், உள்ளே தோட்டாவோடு, அதன்மேல் ஊன்றினார். தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா, உன்ன மாதிரியே இதுவும் வாயத் தொறக்க மாட்டேங்குது?"

எல்டன் அண்ணனின் விரலைப் பார்த்தார்.

டெல்மர் விரலை விட்டார்.

ஷெரிஃபின் ஆள் வந்து பார்த்தபோது கட்டையில் ஸ்டிக்கர் இல்லை. அது இருந்த இடம் மட்டும் வட்டமாகக் கறுத்திருந்தது.

"உரிஞ்சு விழுந்திருக்கும் சார்" என்றார் எல்டன். "திருத்தின விசைனு அண்ணனுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

இன்னொன்றை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தோட்டா வெடிக்காவிட்டால் டெல்மர் விசையை அழுத்தியபடியேதான் குழலைத் தாழ்த்துவார். சின்ன வயதில் அதற்காக அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் எல்டன்.

விபத்து என்று எழுதினார்கள்.

டெல்மரின் இடது பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். அந்தச் சனியன் தனக்கு வேண்டாம் என்று நவம்பரில் தம்பிக்கே கொடுத்துவிட்டார்.

துப்பாக்கி இப்போது எல்டனிடம் இருக்கிறது. கட்டையில் புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்.